உலகம் சுத்துற பாய்ப்படகுக்கு நாள் குறிச்சுப் பந்தயம் வைக்கிற சாயாக்கடை, ஊரம்பு பக்கம்

கொல்லங்கோடு தாண்டி ஊரம்பு ஜங்ஷன் வந்து, அங்கேர்ந்து பொழியூர் பாக்க இறங்குற ரோட்டுல இடது கை பக்கம் ஓடு போட்ட ஒரு சாயாக்கடை இருக்கு. பேர் போர்டு கிடையாது. "ஸ்ராங்கு மாமா கடை"ன்னு கேட்டா தமிழ்க்காரங்களும் காட்டுவாங்க மலையாளிகளும் காட்டுவாங்க, ஏன்னா அந்த மாமா கொச்சி ஹார்பர்ல ரொம்ப வருஷம் ஆழ்கடல் போட்டுக்கு ஸ்ராங்கா, அதாவது போட்டை ஓட்டுற தலைவரா இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர், சமையல் முழுக்க சேச்சி கையில, கல்லாவும் பந்தய நோட்டும் மாமா கையில. சாப்பாட்டுக்காக மட்டும் போனாலும் நஷ்டம் இல்ல, ஆனா நான் இந்த ரிவ்யூ எழுதுறதுக்குக் காரணம் அந்தப் பந்தய நோட்டுதான். இப்படி ஒண்ணு வேற எந்தக் கடையிலயும் நான் பாத்ததில்ல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல சாப்பாட்டை முடிச்சிடுறேன். காலைல புட்டும் பயறும் பப்படமும், ஆப்பத்துக்கு முட்டைக்கறி, பத்து மணிக்கு மேல மரச்சீனி அவிச்சதும் மீன்கறியும். மீன் அன்னைக்கு கரைக்கு என்ன வந்துதோ அதுதான், சாளை வந்தா சாளை, சூரை வந்தா சூரை, "இன்னைக்கு நெய்மீன் இல்லியா"ன்னு கேட்டா சேச்சி "கடல்கிட்ட போய் கேளு மோனே"ம்பாங்க. சாளை புளிமுளம் வைக்கிற நாள் போனீங்கன்னா அது ஒரு தனி ருசி, குடம்புளி மசாலால நல்லா இறங்கி எண்ணெய் மேல மிதந்து நிக்கும், மரச்சீனியை அதுல தொட்டு சாப்பிட்டா வேற எதுவும் வேணாம். சாயங்காலம் ரசவடை, ஏத்தம்பழ பஜ்ஜி. ரசவடை நம்ம கன்னியாகுமரி ஜில்லா டைப்புதான், ரசத்துல ஊறி உள்ள வரைக்கும் மெதுவா இருக்கும், மிளகு தூக்கல். பால் சாயா நல்ல ஸ்ட்ராங், கட்டன் சாயா இஞ்சி தட்டிப் போட்டது. வெயில் நேரம் போஞ்சி, அதாவது எலுமிச்சை ஜூஸ், கேளுங்க. பொறோட்டா மட்டும் சுமார்தான், அதுக்கு மார்த்தாண்டத்துலயே நல்ல கடைங்க இருக்கு.

சரி விஷயத்துக்கு வர்றேன். கடைக்குள்ள நுழைஞ்ச உடனே எதிர் சுவத்துல ஸ்கூல்ல தொங்குமே அந்த மாதிரி பெரிய துணி உலக மேப் ஒண்ணு மாட்டியிருக்காங்க. அதுல கலர் கலரா குண்டூசி. ஒவ்வொரு குண்டூசியும் ஒரு படகு, உலகத்தைத் தனியா பாய் விரிச்சு சுத்தி வர்ற ரேஸ் நடக்குற காலத்துல தினமும் காலைல மாமாவோட பேத்தி போன்ல டிராக்கர் பாத்து ஒவ்வொரு ஊசியா நகத்துவா. கீழ ஒரு ஸ்லேட்ல அன்னைக்கு யார் எங்க, காத்து எந்தப் பக்கம்னு சாக்பீஸ்ல எழுதி இருக்கும், தமிழ்லயும் மலையாளத்துலயும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ஒரு படகைத் தேர்ந்தெடுத்து அது எந்த நாள் எந்த மணிக்கு கரை சேரும்னு நோட்டுல எழுதி கையெழுத்துப் போடணும். யார் ஜெயிப்பாங்கன்னு பந்தயம் கிடையாது. எப்ப வருவாங்கங்கிறதுதான் பந்தயம்.

இதுல காசு கிடையாது, அது மாமாவோட முதல் ரூல், நோட்டோட முதல் பக்கத்துலயே பெருசா எழுதி வெச்சிருக்காரு. தோத்தவங்க ஒவ்வொருத்தரும் ஜெயிச்சவருக்கு ஒரு சாயாவும் ஒரு ரசவடையும் கடன். அவ்வளவுதான். அந்தக் கடனை நோட்டுல பத்து வெச்சு, ஜெயிச்சவர் எப்ப வேணா வந்து சாப்பிட்டுக்கலாம், வேணும்னா வேற ஆளுக்கு மாத்தியும் குடுக்கலாம். ஒருத்தர் ஒரு படகுக்கு ரெண்டு தடவைதான் எழுத முடியும், ரேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை, படகு தென் அமெரிக்காவோட கீழ் முனை கேப் ஹார்னைத் தாண்டினதும் இன்னொரு தடவை. அதுக்கப்புறம் அடிச்சுத் திருத்த முடியாது.

பக்கத்துல ரெண்டு கடை தள்ளி லாட்டரிக் கடை இருக்கு, நம்ம பக்கத்துல இருந்து எல்லை தாண்டி டிக்கெட் வாங்க வர்ற கூட்டம் அங்க எப்பவும் இருக்கும். தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரியை நிறுத்திட்டாங்க, கேரளாவுல 1967ல அரசாங்கமே தொடங்கினது இன்னைக்கும் ஓடுது, அதனால எல்லையோர ஊர் எல்லாத்துலயும் இந்த நடை சகஜம். நான் யாரையும் குத்தம் சொல்லல, எங்க வீட்டுலயும் வாங்குறவங்க உண்டு. ஆனா மூணு மணிக்கு ரிசல்ட் வந்ததும் அங்க நிக்கிறவங்க முகத்தையும், ஸ்ராங்கு மாமா கடைல ஊசி நகரும்போது உக்காந்திருக்கிறவங்க முகத்தையும் பாத்தா எனக்கு மனசுல ஒண்ணு தோணும். டிக்கெட்டுல இருக்கிற நம்பரைப் பத்தி நீங்க எதுவும் கத்துக்க முடியாது. இங்க நோட்டுல ஒரு தேதி எழுதணும்னா காத்தைப் பத்தித் தெரியணும், கடல் எப்ப கொந்தளிக்கும்னு தெரியணும், ஒரு ஆள் எத்தனை மாசம் தனியா தாங்குவான்னு யோசிக்கணும். போன்ல காசு கட்டி ஆடுற ஆட்டங்களால குடும்பங்க பட்ட பாடு நம்ம எல்லாருக்கும் தெரியும், 2025ல மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை பண்ணுற அளவுக்குப் போச்சு. பந்தயம்ங்கிற ஆசை மனுஷனுக்கு இருக்கத்தான் செய்யும், அதை ஒரு ரசவடை அளவுல கட்டி வெச்சு, அதுக்குள்ள இவ்வளவு பெரிய உலகத்தைக் காட்டின அந்த மனுஷனுக்கு நான் கும்பிடு போடுறேன்.

இந்த நோட்டு சூடு பிடிச்சது 2022 கோல்டன் குளோப் ரேஸ்லதான். தெரியாதவங்களுக்காக சொல்றேன், இது ஒரு வித்தியாசமான ரேஸ். தனி ஆளா, எங்கயும் நிக்காம, யார் உதவியும் வாங்காம உலகத்தை சுத்தி வரணும். 32ல இருந்து 36 அடி வரைக்கும் நீளமுள்ள பழைய டிசைன் படகுங்க மட்டும்தான். ஜிபிஎஸ் பாத்து ஓட்டக் கூடாது, சூரியனையும் நட்சத்திரத்தையும் செக்ஸ்டண்ட்ங்கிற கோணம் அளக்கிற கருவில அளந்து பேப்பர் மேப்புல கோடு போட்டுத்தான் போகணும். 1968ல நடந்த முதல் ரேஸோட காலத்துல எப்படியோ அப்படியே. அந்த முதல் ரேஸ்ல ஒன்பது பேர் கிளம்பி ஒரே ஒரு ஆள்தான் முடிச்சாரு, ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், அவரோட 'சுஹைலி' படகு நம்ம மும்பைல தேக்கு மரத்துல கட்டினது. 1968 ஜூன் 14ல கிளம்பி 1969 ஏப்ரல் 22ல திரும்பினாரு. இதை மாமா சொல்லும்போது ஏதோ தன் சொந்த போட்டைப் பத்திப் பேசுற மாதிரி பேசுவாரு.

2022 செப்டம்பர் 4, பிரான்ஸ்ல லே சாப்ல் தொலோன்ங்கிற ஊர்ல இருந்து 16 பேர் கிளம்பினாங்க. அதுல நம்ம ஆள் அபிலாஷ் டோமி, சங்ஙனாசேரி பக்கத்துக்காரர், கடற்படைல கமாண்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், படகு பேரு 'பயானத்'. கடைல முக்கால்வாசி பேர் அவர் பேர்லதான் எழுதினாங்க, அது இயல்பு. அதோட 2018 ரேஸை ஜெயிச்ச ஜான்-லூக் வான் டென் ஹீட் 211 நாள்ல முடிச்சிருந்தாரு, அந்தக் கணக்கை வெச்சு எல்லாரும் ஏப்ரல் முதல் வாரத்தைச் சுத்தியே தேதி போட்டாங்க. ரேஸ் போகப் போக கணக்கு தப்பிக்கிட்டே வந்துது. படகு ஒவ்வொண்ணா உடைஞ்சு விலகுது, அடியில சிப்பி ஒட்டி வேகம் குறையுது, ஒரு படகு இந்தியப் பெருங்கடல்ல மூழ்கியே போச்சு. பின்லாந்துக்காரர் டாப்பியோ லெஹ்டினனோட 'ஆஸ்டீரியா', 2022 நவம்பர் 18. அவர் சின்ன மிதவைல ஏறி மிதந்துக்கிட்டிருந்தப்ப, ரேஸ்ல கூட ஓடிக்கிட்டிருந்த தென்னாப்பிரிக்கா பொண்ணு கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் தன் படகைத் திருப்பிப் போய் அவரைத் தூக்கி, ஒரு கப்பல்ல ஏத்தி விட்டுட்டு, மறுபடி ரேஸைத் தொடர்ந்தாங்க. அந்த நாள் கடைல யாரும் ஊசியைப் பத்திப் பேசல. "போட்டிக்காரனை விட்டுட்டுப் போகாம திரும்பினா பாருடே, அவ கடல்காரி" அப்படின்னு தூத்தூர்ல இருந்து வந்த ஒரு பெரியவர் சொன்னாரு. அடுத்த நாள்ல இருந்து கிர்ஸ்டன் பேருக்கு எழுத முடியலையேன்னு பாதிப் பேருக்கு ஆதங்கம், ஏன்னா முதல் ரவுண்டு முடிஞ்சிருந்துது.

அபிலாஷுக்கும் சோதனை குறைச்சல் இல்ல. தானா திசை பிடிக்கிற காத்துச் சுக்கான் உடைஞ்சு போய், கக்கூஸ் கதவை அறுத்து அதுல பலகை செஞ்சு மாட்டிட்டு ஓட்டினாரு. இந்தச் செய்தி வந்த அன்னைக்குக் கடை முழுக்க இதே பேச்சு. நம்ம தூண்டில்காரங்களுக்கு இது புதுசே இல்ல, ஆழ்கடல்ல நாப்பது நாள் கிடக்கிறவன் இஞ்சின்ல ஏதாவது போனா கையில கிடைக்கிறதை வெச்சுத்தான் ஒட்டுப் போடுவான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரங்க சுறாவுக்கும் சூரைக்கும் எவ்வளவு தூரம் போவாங்கன்னு கரையில இருக்கிற நமக்கே சரியாத் தெரியாது. அவங்க இந்த மேப்பு முன்னால நின்னு பேசுறதைக் கேக்கணும். மேப்புல நீலமா இருக்கிற இடம் நமக்கு வெறும் நீலம். அவங்க அதுல நீவாடு, அதாவது நீரோட்டம், எப்படி ஓடும், கச்சான் எப்ப அடிக்கும், வாடை எப்ப விழும்னு சொல்லுவாங்க. செக்ஸ்டண்டைப் பத்தி ஸ்லேட்ல படம் போட்டு பேத்தி விளக்கினப்ப ஒருத்தர், "நாங்க மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர் வெச்சு கணியம் பாப்பம், அவன் சூரியனை வெச்சுப் பாக்கான்"னு ஒரே வரில முடிச்சாரு.

கேப் ஹார்ன் தாண்டினது பிப்ரவரில. ரெண்டாவது தேதி எழுதுற நாள் கடைல திருவிழாதான். அப்ப முன்னால ரெண்டு பேர், கிர்ஸ்டனும் அபிலாஷும். அதுக்கு முன்ன லீட்ல இருந்த பிரிட்டன்காரர் சைமன் கர்வனுக்கும் காத்துச் சுக்கான் போய், சிலி நாட்டுல ஒதுங்கி ரிப்பேர் பண்ணினதால வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க. முக்கால்வாசி பேர் மணிக்கு 5 கடல் மைல், நாளைக்கு இவ்வளவுன்னு போன் கால்குலேட்டர்ல தட்டி ஏப்ரல் நடுவுல தேதி போட்டாங்க. நானும் கூட நின்னு பாத்தேன், கணக்கு சரியாத்தான் இருந்துது. அந்த தூத்தூர் பெரியவர் அபிலாஷ் படகுக்கு ஏப்ரல் 29 சாயங்காலம்னு எழுதினாரு. ஏன் இவ்வளவு தள்ளிப் போடுறீங்கன்னு கேட்டதுக்கு, "நடுக்கோட்டுக்கிட்ட காத்து செத்துக் கிடக்கும் மக்ளே, அதைத் தாண்டினாலும் வீட்டு வாசல்ல வந்து இன்னொரு தடவை காத்து சாவும், கரைக்குப் பக்கத்துலதான் நேரம் போவும்"னாரு.

அப்படியே நடந்துது. கடைசில பிரான்ஸ் கரையை நெருங்குறப்ப காத்தே இல்லாம கிர்ஸ்டன் படகு ஆடிக்கிட்டு நின்னுது, ஊசியை நகத்த இடமே இல்ல, பேத்தி காலைல வந்து பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போவா. கடைசில 235 நாள் முடிஞ்சு கிர்ஸ்டன் முதல்ல வந்தாங்க, தனியா உலகம் சுத்துற ரேஸ்ல ஜெயிச்ச முதல் பெண். ரெண்டாவது அபிலாஷ், 236 நாள் 14 மணி 46 நிமிஷம், நம்ம நேரத்துக்கு ஏப்ரல் 29 காலைல பத்தே கால். மூணாவது ஆஸ்திரியாக்காரர் மைக்கேல் குகன்பெர்கர், மே 12. எங்கயும் நிக்காம முழுசா முடிச்சது இந்த மூணே பேர்தான். பெரியவர் சாயங்காலம்னு போட்டிருந்தாரு, சில மணி நேரம்தான் வித்தியாசம், அபிலாஷ் பேருக்கு எழுதினவங்கள்ல வேற யாரும் கிட்ட கூட வரல. அவருக்கு விழுந்த சாயாக்கடன் எவ்வளவுன்னா, ஊர்ல சின்னப் பசங்க ஃபுட்பால் முடிச்சு வரும்போதெல்லாம் அவர் கணக்குல ரசவடை சாப்பிட்டுத் தீர்த்தாங்க, அவரே அப்படி எழுதி வெக்கச் சொல்லிட்டாரு.

ஆனா கிர்ஸ்டன் தேதில ஒரு பெரிய தகராறு வந்துது, அதை சொல்லியே ஆகணும், ஏன்னா நீங்க போனாலும் இந்த ரூலை மாமா முதல்லயே சொல்லுவாரு. அவங்க கோட்டைத் தாண்டினது பிரான்ஸ்ல ஏப்ரல் 27 ராத்திரி ஒன்பதே முக்கால் வாக்குல. நம்ம ஊர்ல அப்ப ராத்திரி ஒண்ணே கால், அதாவது 28 பிறந்தாச்சு. 27னு எழுதினவரு ஒருத்தர், 28 விடியக்காலைன்னு எழுதினவரு இன்னொருத்தர், ரெண்டு பேரும் நான்தான் ஜெயிச்சேன்னு நின்னாங்க. போதாக்குறைக்கு அந்த 27ஆம் தேதி காலைலயே சைமன் கர்வன் கோட்டைத் தாண்டியிருந்தாரு, அதை வெச்சு மூணாவதா ஒருத்தர் வந்து நின்னாரு. மாமா ஒரு நாள் முழுக்க தீர்ப்பு சொல்லல. கடைசில, நோட்டு எழுதுன இடம் ஊரம்பு, அதனால ஊரம்பு கடியாரம்தான் கணக்குன்னு முடிவு பண்ணி சுவத்துல எழுதி மாட்டிட்டாரு. எனக்கு அது நியாயமாத்தான் பட்டுது. 27னு எழுதினவருக்கு மட்டும் சேச்சி தனியா ஒரு தட்டு மரச்சீனியும் மீனும் குடுத்து சமாதானம் பண்ணாங்க.

இந்த நாள் குழப்பம் பழைய குழப்பம். போர்ச்சுகீசிய மாலுமி மகெல்லனோட கிளம்பினவங்கள்ல மிஞ்சின ஆளுங்க 1522 ஜூலைல கேப் வெர்டே தீவுல இறங்கினப்ப அவங்க நோட்டுல புதன்கிழமை, கரைல வியாழக்கிழமை. ஒரு நாள் கூட விடாம எழுதிட்டு வந்திருந்தாங்க, மேற்காலயே போய் உலகத்தை சுத்தினதால ஒரு பகல் குறைஞ்சு போச்சு. இதை அந்தத் தகராறு நடந்த அன்னைக்கு கொல்லங்கோட்டு ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் உலக உருண்டை கொண்டு வந்து வெச்சு சுத்திக் காட்டி விளக்கினாரு, சண்டை போட்டவங்க ரெண்டு பேரும் உக்காந்து கேட்டாங்க. எல்லைல இருக்கிற ஒரு சாயாக்கடைல மீன் விக்கிற அக்கா கூட தேதிக்கோடுன்னா என்னன்னு மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்கிற அளவுக்கு ஆனது இந்த நோட்டாலதான்.

நாள் சொல்லிப் பந்தயம் கட்டுறதும் மாமா கண்டுபிடிச்சது இல்ல, அவரே அதைச் சொல்லுவாரு. 1889 நவம்பர் 14ல நெல்லி பிளைன்னு அமெரிக்கப் பத்திரிகைக்காரப் பொண்ணு 80 நாளுக்குள்ள உலகத்தை சுத்திக் காட்டுறேன்னு ஒரே ஒரு கைப்பையோட தனியா கிளம்பினாங்க. அவங்க வேலை பாத்த நியூயார்க் வேர்ல்ட் பேப்பர், எத்தனை நாள், மணி, நிமிஷம், செகண்டுல திரும்பி வருவாங்கன்னு சரியா சொல்றவங்களுக்கு ஐரோப்பா டூர் பரிசுன்னு கூப்பன் போட்டுது. கிட்டத்தட்ட பத்து லட்சம் கூப்பன் வந்து குவிஞ்சுது. பேப்பரும் நல்லா வித்துது, அது அவங்க வியாபாரம். நெல்லி பிளை நம்ம பக்கத்து கொழும்புல கப்பலுக்காகச் சில நாள் காத்துக் கிடந்தாங்க, அங்க போன நாளெல்லாம் எத்தனை கூப்பன் செல்லாமப் போயிருக்கும். 72 நாள் 6 மணி 11 நிமிஷம் 14 செகண்டுல முடிச்சாங்க. அதே நாள் எதிர்த் திசைல கிளம்பின எலிசபெத் பிஸ்லாண்டுன்னு இன்னொரு பொண்ணு 76 நாள் சொச்சத்துல வந்து சேர்ந்தாங்க, அவங்களும் அந்தப் பழைய காலத்துல 80 நாளை அடிச்சவங்கதான், ஆனா பேர் யாருக்கும் தெரியல. பேத்தி ஒரு சார்ட்ல இவங்க ரெண்டு பேர் படமும் வரைஞ்சு மேப்புக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கா, ரெண்டையும் ஒரே அளவுல. எனக்கு அது பிடிச்சிருந்துது.

2018 பத்தி கடைல யாரும் சத்தமா பேச மாட்டாங்க. அந்த வருஷமும் அபிலாஷ் இதே ரேஸ்ல இருந்தாரு, 'சுஹைலி'யோட அதே டிசைன்ல கோவால கட்டின 'துரியா'ங்கிற படகுல. செப்டம்பர் 21ல இந்தியப் பெருங்கடலோட தென்பக்கம் புயல்ல பாய்மரம் முறிஞ்சு, முதுகுல அடிபட்டு எழுந்திரிக்க முடியாமக் கிடந்தாரு. நம்ம கடற்படை விமானம் மொரீஷியஸ்ல இருந்து பறந்து போய்த் தேடிப் பாத்துது, செப்டம்பர் 24ல 'ஒசிரிஸ்'ங்கிற பிரெஞ்சுக் கப்பல் அவரை எடுத்துது. அந்த மூணு நாளும் இந்தக் கரையில எத்தனை வீட்டுல ஜெபம் நடந்துதுன்னு எனக்குத் தெரியும். 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல்ல போனவங்க திரும்பி வராத வீடுங்க இங்க தெருவுக்குத் தெரு உண்டு, ஆள் எங்க இருக்கான்னு தெரியாம கரைல நின்ன கொடுமை அவங்களுக்கு இன்னும் ஆறல. அதனாலதான் மாமா யார் ஜெயிப்பாங்கன்னு பந்தயம் வைக்க விட மாட்டாரு. ஒருத்தன் தோக்கணும்னு கடலைப் பாத்து யாரும் நெனைக்கக் கூடாதுன்னு சொல்லுவாரு. நோட்டுல "வர மாட்டான்"னு எழுத இடமே கிடையாது. ஒரு தடவை வெளியூர்ல இருந்து வந்த ஒரு பையன் இந்தப் படகு முடிக்காதுன்னு பந்தயம் கட்டலாமான்னு கேட்டான், மாமா சாயாவுக்குக் காசு வாங்காம அனுப்பி வெச்சாரு, ஆனா நோட்டைத் தொட விடல. படகு விலகிட்டா அந்த ஊசியைப் பிடுங்கி, மேப்புல எந்தத் துறைமுகத்துல அந்த ஆள் இறங்கினாரோ அங்க குத்தி வைப்பாங்க, அது ரேஸ் முடியுற வரைக்கும் அங்கேயே இருக்கும்.

2024 வென்டே குளோப் ரேஸுக்கும் நோட்டு போட்டாங்க, அதுவும் தனி ஆளா நிக்காம உலகம் சுத்துறதுதான். அது அவ்வளவா எடுபடல. நவம்பர் 10ல 40 படகு கிளம்பி, சார்லி டாலின் 64 நாள்லயே வந்து ஜெயிச்சுட்டாரு, தண்ணிக்கு மேல பறக்குற மாதிரி போற படகுங்க. ஊசியை ஒரு நாள்ல ஒரு சாண் நகத்த வேண்டியதாச்சு, பேசி முடிக்கிறதுக்குள்ள ரேஸ் முடிஞ்சிருச்சு.

அதே நேரத்துல ஓடின இன்னொரு பயணம்தான் கடையைக் கட்டிப் போட்டுது. அது ரேஸ் இல்ல, நம்ம கடற்படையோட 'தாரிணி' படகுல ரெண்டு பொண்ணுங்க, கோழிக்கோட்டுக்காரி தில்னாவும் புதுச்சேரிக்காரி ரூபாவும். 2024 அக்டோபர் 2ல கோவால கிளம்பி, ஆஸ்திரேலியால ஃப்ரீமான்டில், நியூசிலாந்துல லிட்டில்டன், ஃபாக்லாந்து தீவுல போர்ட் ஸ்டான்லி, அப்புறம் கேப் டவுன், இப்படி நிறுத்தி நிறுத்தி 2025 மே 29ல கோவா திரும்பினாங்க. ஒரு மலையாளி, ஒரு தமிழ்ப் பொண்ணு, ஒரே படகு. ஊரம்புல இதுக்கு மேல என்ன வேணும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியா தேதி எழுதினாங்க, முதல் தடவையா பெண்கள் நோட்டுல நிறைய கையெழுத்து போட்டது இதுலதான். சந்தைல இருந்து கூடையோட வர்ற அக்காமார், டெய்லரிங் படிக்கிற பிள்ளைங்க, கொல்லங்கோட்டு நர்ஸ் ஒருத்தங்க. அதுக்கு முன்னால கடைல பெண்கள் பார்சல் வாங்கிட்டுப் போறதோட சரி. இப்ப மேப்புக்குக் கீழ ஒரு பெஞ்ச் அவங்களுக்குன்னே ஆயிருச்சு. போர்ட் ஸ்டான்லி தேதியை ஒரு பத்தாம் கிளாஸ் பிள்ளை ரொம்பக் கிட்டக்க சொன்னா, அவ அப்பா வள்ளவிளைல போட்டுக்காரர். எப்படிம்மா சொன்னேன்னு கேட்டா, "அப்பா போன்ல சொன்ன காத்துக் கணக்குதான் அங்கிள்"ங்கிறா.

குறையும் சொல்லணும். இடம் சின்னது, ரேஸ் முடியுற வாரத்துல சாப்பிட வந்தவங்களுக்கு உக்கார இடம் கிடைக்காது, பந்தயக்காரங்க ஒரு கட்டன் சாயாவை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் எழுந்திரிக்க மாட்டாங்க. கை கழுவுற இடம் பின்பக்கம், மழை பேஞ்சா சேறு. கார் நிறுத்த வசதி இல்ல, ஜங்ஷன்லயே விட்டுட்டு நடந்து வர்றது நல்லது. மீன்கறி மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள தீர்ந்துரும். நோட்டைப் போட்டோ எடுக்க மாமா சம்மதிக்க மாட்டாரு, அதுல ஊர்க்காரங்க கையெழுத்து இருக்குங்கிறதால அது சரியான முடிவுன்னுதான் நான் சொல்லுவேன். அப்புறம் ஜெயிச்ச சாயாக்கடனுக்கு ஒரு கால வரம்பு வெச்சா நல்லது, பழைய கணக்கு நிறைய பாக்கி நின்னு சேச்சிக்குத்தான் பாரம், இதை அவங்ககிட்டயே சொன்னேன், யோசிக்கிறேன்னாங்க.

போறவங்களுக்கு: மார்த்தாண்டத்துல இருந்து வந்தா நித்திரவிளை, கொல்லங்கோடு வழி பஸ் இருக்கு, திருவனந்தபுரம் பக்கம் இருந்து வர்றவங்க பூவார், பொழியூர் வழியா வரலாம். காலைல ஆறுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் கடை, ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சுதான் திறப்பாங்க. ரெண்டு பேர் வயிறு நிறைய மரச்சீனியும் மீனும் சாயாவும் சாப்பிட்டா இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். அடுத்த கோல்டன் குளோப் 2026 செப்டம்பர்ல அதே லே சாப்ல் தொலோன்ல இருந்து கிளம்புது, ரேஸ் தொடங்குற நாள் நம்ம நேரம் நடு ராத்திரியோட முதல் ரவுண்டு எழுத்து முடிஞ்சிரும். எழுதப் போறீங்கன்னா முந்தின ரேஸ் நாள் கணக்கை மட்டும் நம்பாதீங்க, ஒரு சாயா வாங்கிட்டு அந்த தூத்தூர் பெரியவர் பக்கத்துல போய் உக்காருங்க, கேட்டா சொல்லுவாரு.